மாமாவின் நூற்றிருபது

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது நூற்றிருபது என்ற எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒருமுறை, தன் ரத்த அழுத்தம் நூற்றிருபதுதான் என்று டாக்டர் சொன்னதை அம்மா சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். மாமா உடனே கரண்டியைக் கீழே வைத்தார். "நூத்தி இருபதுன்னதும்தான் ஞாபகம் வருது" என்று ஆரம்பித்தார். சித்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள்.

மாமாவுக்கு ஞாபகம் வருவது ஒரே விஷயம்தான். மீசை அரும்பிய வயதில், தாத்தாவின் காரை அவர் மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாராம்.

அந்தக் காருக்கு எங்கள் குடும்பத்தில் சட்டி என்று பெயர். கவிழ்த்து வைத்த சட்டி மாதிரியே இருக்கும். எஞ்சின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஒரு விசிறி காற்றை அடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். பத்துத் தையல் மெஷின்களை ஒரே அறையில் போட்டு மிதித்தால் வருகிற சத்தம் வரும். தாத்தா போன பிறகு சட்டி சித்தியிடம் இருக்கிறது. சித்தி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பகலெல்லாம் அடுத்தவர்கள் மோதாமல் பார்த்துக்கொள்வாள். மாலையில் தனக்காக ஒரு சுற்று சட்டியில் போய் வருவாள். அதுதான் அவளுடைய ஒரே ஆடம்பரம்.

மாமாவுக்கு மெத்தைக் கடை. சட்டியைக் கடை வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. எஞ்சினை இறக்கிவிட்டு, கூரையை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே ஒரு இரட்டை மெத்தையை விரித்து, அதன்மேல் ஒரு பொம்மையைப் படுக்க வைக்கப் போவதாகச் சொன்னார். படம்கூட வரைந்து காட்டினார். படத்தில் பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. சித்தி சிரிக்கவில்லை.

"வண்டின்னா அதை ஓட்டத் தெரிஞ்சவன்கிட்டதான் இருக்கணும்" என்றார் மாமா. "நூத்தி இருபதுல போன கை இது. நீ என்னடான்னா அதைத் தாலாட்டித் தூங்க வச்சு ஓட்டுற."

"தூங்க வைக்கிறது உங்க தொழில்ணே" என்றாள் சித்தி.

இது மாதக்கணக்காக நடந்தது. கடைசியில் அம்மா தலையிட்டாள். மூவரில் மூத்தவள் அம்மா. கல்லூரியில் தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர். அவள் ஒரு பார்வை பார்த்தால் குற்றமே செய்யாதவனும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

"டேய், நூத்தி இருபதுல போனேன், போனேங்கறல்ல. என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை போய்க் காட்டு. நான் பக்கத்து சீட்டுல உக்காந்து முள்ளைப் பாக்கறேன். முள்ளு நூத்தி இருபதைத் தொட்டா வண்டியை எடுத்துக்கோ. தொடலைன்னா இந்த ஜென்மத்துல சட்டியைப் பத்தி நீ பேசக் கூடாது."

மாமா அதற்கு மேல் ஒரு விதியைச் சேர்த்தார். "ஒரே ஒரு ஓட்டம்தான். அப்புறம் எஞ்சின் சூடாகல, காத்து எதிர்த்து அடிச்சுது, கியர் சரியில்லன்னு எந்தச் சாக்கும் சொல்லக் கூடாது. ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமும்" என்றாள் அம்மா. சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

நான் இதில் எப்படி வந்தேன் என்றால், நான் மாலை வகுப்பில் வாகனப் பழுது படிக்கிறேன். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளை ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்துப் பொருத்துவேன். வலது கண்ணுக்கு உள்ளது இடது கண்ணுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் பாதி வேலை. இதுவரை ஒன்றுகூட மாறியதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்ப்பேன். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்து சந்தேகப்படுவேன்.

சட்டியால் எவ்வளவு வேகம் போக முடியும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னது சித்திதான். அது அவ்வளவு கடினமான கணக்கு அல்ல. அந்த எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரத்து நானூறு சுற்று வரை சந்தோஷமாகச் சுற்றும். அதற்கு மேல் அழும். முதல் கியரில் எஞ்சின் பதினாறு முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். நான்காவதில் நான்குக்கும் குறைவாகச் சுற்றினால் போதும். சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் போகும். பெருக்கி வகுத்தால் முதல் கியரில் இருபத்தைந்து, இரண்டாவதில் நாற்பத்தொன்பது, மூன்றாவதில் எழுபத்தைந்து. ஏறக்குறைய இதை ஒட்டித்தான் சட்டியின் வேகமானியில் இருபத்தைந்து, நாற்பத்தைந்து, எழுபத்தைந்து என்ற இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள் இருக்கின்றன. முள் கோட்டைத் தொட்டால் கியரை மாற்று என்று அர்த்தம். நான்காவது கியருக்குக் கோடு இல்லை. அதற்கு மேல் மாற்ற எதுவும் இல்லை. நான்காவதில் எனக்கு வந்த விடை நூற்றுப்பன்னிரண்டு.

விடை நேராக வந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். மறுபடி போட்டேன். நூற்றுப்பன்னிரண்டுதான்.

"எட்டு குறையுது சித்தி. இறக்கத்துல எஞ்சினை அழவிட்டாத்தான் நூத்தி இருபது வரும். சமதளத்துல வராது."

சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். சந்தோஷத்தில் சற்று அழுத்தமாகவே கிள்ளிவிட்டாள். சித்தியால் ரகசியத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றே போன் போட்டு மாமாவிடம் நூற்றுப்பன்னிரண்டு என்று சொல்லிச் சிரித்தாள்.

மாமா கோபப்படவில்லை. அதிலேயே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் இரண்டு புது டயர்களோடு வந்தார். "முன் சக்கரம் ரெண்டும் வழுக்கையா இருக்கு. என் தங்கச்சி வழுக்கி விழக் கூடாது" என்றார். அவரே ஆள் வைத்து மாட்டினார். பழையவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அவர் போனதும் சட்டியைப் பார்த்தேன். லேசாகத் தலை குனிந்து யாருக்கோ வணக்கம் சொல்வது போல் நின்றது.

ஒரு நூலை எடுத்துப் புது டயரைச் சுற்றி அளந்தேன். முன்னால் இருக்கும் பெட்டி அறையில் கிடந்த உபரிச் சக்கரத்தையும் அளந்தேன். அது பழைய அளவு. அதைச் சுற்ற ஒரு சாண் நூல் கூடுதலாகத் தேவைப்பட்டது. சட்டியில் வேகமானிக்குப் போகும் கேபிள் முன் இடது சக்கரத்திலிருந்துதான் கிளம்புகிறது. சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். முள்ளும் அதிகமாகக் காட்டும். கணக்குப் போட்டேன். வண்டி நூற்றுப்பத்தில் போகும்போது முள் நூற்றிருபதில் நிற்கும்.

பந்தயத்தின் விதி முள்ளைப் பற்றியது.

சித்தியிடம் சொன்னபோது அவள் நூலை வாங்கிப் பார்த்தாள். "அடப்பாவி அண்ணா" என்றாள் பிறகு, பாராட்டுவது போல.

"உபரிச் சக்கரத்தை இடது பக்கம் மாட்டிடலாமா?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா நூறுக்கு மேல ஒரு பக்கமா இழுக்கும். உங்கம்மா உள்ள உக்காரப் போறா."

"அப்ப அம்மாகிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா, டயர் வாங்கிக் கொடுத்த அண்ணனைச் சந்தேகப்பட்டேன்னு வருஷக்கணக்கா அதையே பேசுவார். இரு, யோசிக்கிறேன். நூலை மட்டும் பத்திரமா வச்சுக்கோ."

அவள் யோசித்தாள். எதுவும் தோன்றவில்லை என்பது அவள் நகத்தைக் கடித்ததில் தெரிந்தது. மாலைச் சுற்றுகள் நீண்டுகொண்டே போயின. சட்டியிடம் விடைபெறுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

இதற்கிடையில் சட்டியின் இரண்டாவது கியர் போட்ட இடத்தில் நிற்காமல் வெளியே குதிக்க ஆரம்பித்தது. எங்கள் மாலை வகுப்புக்குப் பிரித்துப் பழக ஒரு கியர்பாக்ஸ் தேவைப்பட்டது. எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் ஒப்புக்கொண்டார். சட்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

வகுப்பில் என் ஜோடி ஒரு சிகையலங்காரக் கலைஞர். எல்லோரும் கத்தரி அக்கா என்போம். ஸ்பேனரைக்கூடச் சீப்பு மாதிரி இரண்டு விரல்களில் பிடிப்பார். நாங்கள் இருவரும் கியர்பாக்ஸைப் பிரித்து, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி, மறுபடி சேர்த்தோம். உள்ளே கிரவுன் வீல் என்று தட்டு போன்ற ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது அதுதான். "கிரவுன் வீல் இடது பக்கம்" என்றார் மேடம், வேறொரு மேசையிலிருந்தபடி. நான் இடது பக்கம் வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கத்தரி அக்காவைக் கேட்டேன். "சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் வேலையை வேறொருவர் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே இல்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். நான்கு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. இரண்டாவது குதிக்கவில்லை. சக்கரங்கள் சுற்றின. எண்ணெய் ஒழுகவில்லை. மேடம் கைதட்டினார். கத்தரி அக்கா எனக்கு இலவசமாக முடி வெட்டுவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை சித்தி பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பந்தய இடத்துக்கு வருவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே, விமானம் எதுவும் இறங்காத ஒரு பழைய ஓடுபாதை. மாமா கடை வேனில் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வேன் நிறைய மெத்தைகள்.

"எதுக்குடா இவ்வளவு மெத்தை?" என்றாள் அம்மா.

"விளம்பரம்க்கா. நான் ஜெயிச்சுட்டு வர்றதைப் போட்டோ எடுக்கும்போது பின்னாடி கடை பேர் தெரியணுமில்ல?"

கிளம்பும் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் அவர் மெத்தைகளைச் சுவர் போல அடுக்கினார். அதன்மேல் கடையின் துணிப் பதாகை. 'விழுந்தாலும் வலிக்காது' என்று எழுதியிருந்தது.

சித்தி வரவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து அடுத்தவர்களைக் குற்றவாளியாக்குவது அவள் பழக்கம். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "பயந்துட்டா" என்றார். அப்போது தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு ஹாரன் அல்ல, ஒரு கச்சேரியே. சாலை வளைவில் சட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டி, ஒரு லாரி, ஒரு பள்ளிப் பேருந்து, இன்னும் என்னென்னவோ. எல்லாம் சட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவது போல் வந்தன. எஞ்சினோ உயிர் போகிற மாதிரி கத்தியது. சித்தி ஓடுபாதைக்குள் திரும்பி, கோட்டில் கச்சிதமாக நிறுத்தினாள். இறங்கியபோது அவள் முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த களை திரும்பியிருந்தது.

"ஏன் சித்தி லேட்டு?"

"சட்டிக்கு இன்னைக்கு மூடு சரியில்ல" என்றாள். சாவியை மாமாவின் கையில் வைத்தாள். "அண்ணே, கியர்பாக்ஸ் புதுசா சேர்த்தது. போட்டிக்கு முன்னாடி கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துக்கிறீங்களா?"

"எனக்கா? இந்த வண்டி என் உள்ளங்கை. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்லண்ணே. கேட்டேன்."

"அக்கா, ஏறு."

"அண்ணே, நிஜமா ஓட்டிப் பாத்துக்கல?"

"ஏறுக்கா!"

சித்தி தோளைக் குலுக்கினாள். பிறகு மெத்தைச் சுவரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், நிதானமாகப் பக்கவாட்டில் நடந்து போய் நன்றாகத் தள்ளி நின்றுகொண்டாள்.

அம்மா முன்னால் உட்கார்ந்தாள். கியர் மாற்ற வேண்டிய வேகங்களைச் சொல்ல நான் பின்னால். மாமா கண்ணாடியில் மீசையைச் சரிசெய்தார். முதல் கியரைப் போட்டார். "பிடிச்சுக்கோங்க" என்று க்ளட்சை விட்டார்.

நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஆனால் தவறான பக்கமாக. முன்னால் பாயப் போகிறது என்று நான் சாய்ந்து உட்கார்ந்திருக்க, சட்டி பின்னால் பாய்ந்தது. என் மூக்கு அம்மாவின் சீட்டில் இடித்தது. அடுத்த நொடி 'பொதக்' என்று ஒரு சத்தம். சட்டி மெத்தைச் சுவருக்குள் இடுப்பு வரை புதைந்து நின்றது. துணிப் பதாகை மெதுவாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடியது.

இருட்டில் அம்மாவின் குரல் வந்தது. "ரிவர்ஸ் போட்டுட்டியாடா?"

"இல்லக்கா... அவசரத்துல..."

"உள்ளங்கைன்னியே."

மாமா இறங்கிப் பதாகையை இழுத்துப் போட்டார். மறுபடி ஏறினார். இந்த முறை கியர் கம்பியைப் பார்த்துக்கொண்டே முதல் கியரைப் போட்டார். சட்டி இன்னொரு மெத்தையை விழுங்கியது. இரண்டாவதைப் போட்டார். விழுங்கியது. அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் தலைகீழாகச் சுற்றும்போது முள்ளுக்கு நகர வழியில்லை.

"சைபர்" என்றாள் அம்மா. "இன்னும் சைபர்தான்."

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு."

மாமா பதற்றத்தில் கம்பியைக் கீழே அழுத்தி ரிவர்ஸில் தள்ளினார். சட்டி மெத்தைகளை உதறிவிட்டு, மிக நாகரிகமாக முன்னால் நகர்ந்தது.

மாமாவுக்கு வேறு வழி இல்லை. ஒரே ஓட்டம், சாக்கு கிடையாது. அவர் அந்த ரிவர்ஸிலேயே ஓடுபாதையில் முன்னேறினார். கியர்களிலேயே மிக மெதுவானது அதுதான். எஞ்சின் பின்னால் தொண்டை கிழியக் கத்தியது, விசிறி ஊளையிட்டது, நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முள் ஏறியது. இருபதைத் தாண்டியது. இருபத்திரண்டில் நின்றுவிட்டது. மாமா மிதியைத் தரையோடு அழுத்தினார். உடம்பை முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு காகம் எங்களுக்கு முன்னால் ஓடுபாதையில் நடந்துகொண்டிருந்தது. அது பறக்கக்கூட இல்லை, ஒதுங்கி வழிவிட்டது.

"இதுதான் நூத்தி இருபதாடா?" என்று கத்தினாள் அம்மா.

"என்னது?"

"இதுதானான்னேன்!"

"கேக்கலக்கா!"

நிச்சயமாகக் கேட்டது.

பாதையின் மறுமுனையில் திரும்பி, அதே வேகத்தில் கோட்டுக்கு வந்து சேர்ந்தோம். சித்தி கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். மாமா கதவை அறைந்து சாத்தினார்.

"இவதான் ஏதோ பண்ணியிருக்கா! நாலு கியரும் பின்னால போகுது, ரிவர்ஸ் முன்னால போகுது! உலகத்துல எங்கயாவது உண்டா?"

"நான் எதையும் தொடலண்ணே" என்றாள் சித்தி. அது உண்மை.

தொட்டது யார் என்பது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. கடையில் வாடிக்கையாளர் என் எதிரே உட்கார்ந்திருப்பார். அவருடைய இடது கண் எனக்கு வலது பக்கம் இருக்கும். அதனால் இடது என்று யாராவது சொன்னால் என் கை தானாகவே வலது பக்கம் போகும். அதுதான் என் பழக்கம், என் பெருமையும்கூட. கத்தரி அக்காவோ நாள் முழுக்க மனிதர்களைக் கண்ணாடியில் பார்த்து முடி வெட்டுபவர். எனக்கு எதிரே நின்று பார்த்த அவருக்கும் அது இடது பக்கமாகவே தெரிந்திருக்கிறது. கிரவுன் வீல் மறுபக்கம் போனால் வண்டிக்கு முன்னும் பின்னும் இடம் மாறிவிடும். தூக்கி நிறுத்திய வண்டியில் சக்கரங்கள் சுற்றுகின்றனவா என்று பார்த்தோம். எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன என்று பார்க்கவில்லை.

சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மாமா சித்தியை நோக்கி விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் மாமா. கிரவுன் வீலைப் பக்கம் மாத்திப் போட்டுட்டேன். தெரியாம."

மாமாவின் விரல் அந்தரத்தில் நின்றது. முகம் மலர்ந்தது. "கேட்டியாக்கா? வண்டி சரியில்ல! அப்ப இது செல்லாது. உன் பொண்ணு கியர்பாக்ஸை ஒழுங்கா சேர்க்கட்டும், அடுத்த வாரம் மறுபடி ஓட்டுறேன்."

"சாக்கு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் சித்தி.

"இது சாக்கு இல்லடி, இது சதி. பின்னால போற வண்டியில யாரு நூத்தி இருபதுல போவான்?"

அம்மா மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தாள். தேர்வுக்கூடத்தில் வினாத்தாள் தவறாக அச்சாகியிருந்தால் அவள் முகம் இப்படித்தான் இருக்கும். "அவன் சொல்றதும் நியாயம்தான்டி" என்றாள் சித்தியிடம். "வண்டி சரியா இருந்து தோத்தாத்தானே தோல்வி?"

சித்தியின் கைகள் கட்டவிழ்ந்தன. அந்தக் களை மறுபடி போய்விட்டது. அடுத்த வாரம் கியர்பாக்ஸ் சரியாக இருக்கும். நான்தான் சரியாக்கியிருப்பேன். முள் நூற்றிருபதைத் தொடும். சட்டியின் வயிற்றில் மெத்தை விரித்துப் பொம்மை படுக்கும்.

நான் கைப்பையைத் திறந்தேன். நூல் கிடைக்கவில்லை. மறுபடி தேடினேன். அடியில், கைக்குட்டைக்குள் இருந்தது.

"அம்மா, இன்னொரு விஷயம் இருக்கு. எனக்குச் சரியாச் சொல்ல வருமான்னு தெரியல."

"சொல்லு."

"சொல்றதைவிட அளந்து காட்டுறேன்."

சட்டியின் முன் மூடியைத் திறந்து உபரிச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். நூலை அதைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை முன் இடது சக்கரத்தைச் சுற்றிப் பிடித்தேன். முடிச்சுக்கு முன்னால் ஒரு சாண் நூல் தொங்கியது. மாமா வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் அம்மா.

"முள்ளு இந்தச் சக்கரத்தைப் பாத்துத்தான் வேகம் சொல்லும்மா. சக்கரம் சின்னது. அதனால முள்ளு கூட்டிச் சொல்லும். நூத்தி இருபதுன்னு காட்டும்போது வண்டி நூத்திப் பத்துலதான் போகும்."

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"டயர் கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான் போலக்கா" என்றார் மாமா. "சக்கரம் எப்படி இவ்வளவு சின்னதாச்சுன்னே எனக்குத் தெரியல."

"எங்க ஹால்லயும் இப்படித்தான்டா சொல்லுவானுங்க. 'சாக்ஸுக்குள்ள இந்தக் காகிதம் எப்படி வந்துச்சுன்னே தெரியல மேடம்'னு."

"அக்கா..."

"டேய், இது எப்பத் தோணுச்சு?"

மாமாவின் கை அனிச்சையாகச் சட்டைப்பைக்குப் போனது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மீசை ஆடியது. "நூத்திப் பன்னெண்டுன்னு இவ போன் பண்ணிச் சிரிச்சா பாரு, அப்பவே."

"சரி" என்றாள் அம்மா. "என் பொண்ணு பண்ணினது தெரியாமப் பண்ணினது. நீ பண்ணினது தெரிஞ்சே பண்ணினது. மறு பரீட்சை கிடையாது. சட்டி இவகிட்டயே இருக்கும். பழைய அளவுல டயர் வாங்கி மாட்டிக் கொடுத்துடு. அப்புறம் நீ" என்று என்னைப் பார்த்தாள், "அந்தக் கிரவுன் வீலோ என்னவோ, அதைத் திருப்பி வை. எந்த இடதுன்னு கேட்டுட்டு வை."

வேனில் மெத்தைகளை ஏற்ற நாங்கள் எல்லோரும் உதவினோம். ஒன்றில் சட்டியின் பின்புறம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. மாமா அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பாருங்க, அப்படியே மேல வருது" என்றார். "என்ன தரம்!" அந்தக் காலைப் பொழுதில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

திரும்பும்போது அம்மா வேனில் ஏறினாள். நான் சட்டியில், சித்தியின் பக்கத்தில். சித்தி கம்பியை அழுத்தி ரிவர்ஸில் தள்ளினாள். நாங்கள் முன்னால் கிளம்பினோம்.

"எப்ப தெரிஞ்சது சித்தி?"

"பட்டறை கேட்டுக்கு வெளிய வந்ததுமே. முதல்ல உங்க மேடத்தோட சைக்கிளைச் சாய்ச்சேன். அப்புறம் புரிஞ்சுது."

"அப்ப மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"ஓட்டிப் பாத்துக்கோங்கன்னு ரெண்டு தடவை சொன்னேனே. எப்படி வந்தேன்னு அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்." ஒரு குழியை ஒதுக்கி ஓட்டினாள். "அவர் நூத்தி இருபதுல போன அன்னைக்குப் பின் சீட்டுல நான் இருந்தேன், தெரியுமா? சின்னப் பிள்ளை. முள்ளு தொண்ணூத்தஞ்சுக்கு மேல போகவே இல்ல. அவர் கத்தினதுதான் நூத்தி இருபது."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

"எப்படிச் சொல்றது? அன்னைக்கு நான் சீட்டெல்லாம் வாந்தி எடுத்து வச்சேன். தாத்தா கேட்டப்ப, உங்க மாமா தான்தான் எடுத்தேன்னு சொல்லி என்னைக் காப்பாத்திட்டார். நான் வாயைத் திறந்தா அவரும் திறப்பார். டிரைவிங் ஸ்கூல் நடத்துறவளுக்கு வண்டியில ஏறினா வாந்தி வரும்னு ஊருக்குத் தெரிஞ்சா என் பொழைப்பு என்னாகறது?"

எனக்கு இருவரில் யார் பக்கம் சேர்வது என்று புரியவில்லை. நூற்றிருபதும் தொண்ணூற்றைந்தும் ஒரே வண்டியில் உட்கார்ந்து வந்திருக்கின்றன.

சாலை குறுகியது. எதிரே வரிசையாக வண்டிகள். முந்திச் செல்ல இடமில்லை. எங்கள் பின்னால் மாமாவின் வேன், அதற்குப் பின்னால் உலகம். எஞ்சின் கத்தியது, முள் இருபத்திரண்டில் சோம்பலாகக் கிடந்தது. மாமா ஹாரனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவர் பக்கத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"ஏய்! உருட்டாதடி! மூணாவது கியரைப் போடு!"

சித்தி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பாடம் நடத்தும் குரலில் கத்தினாள்.

"போட்டா உங்க மேலதான்ணே வருவேன்!"

வேன் சடாரென்று பிரேக் போட்டு நின்றது. அதன் பிறகு வீடு வரும் வரை மாமா எங்களோடு மிகவும் மரியாதையான இடைவெளியை விட்டே வந்தார்.